பொதிகை கடலில் மிதக்கிறது!

தாமிரபரணியில் ஏறிப் பயணம் போயிருக்கிறீர்களா நேயர்களே? ஆற்றைச் சொல்லவில்லை, படகைச் சொல்கிறேன். திருநெல்வேலியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி, கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் விடும் படகுகளில் ஒன்றுக்குப் பொதிகை என்று பெயர், இன்னொன்றுக்குத் தாமிரபரணி. நம்ம ஊர் மலையும் ஆறும் அங்கே கடலில் மிதக்கின்றன!

விவேகானந்தர் பாறைக்குச் சில நிமிடப் பயணம்தான். ஈரம் காயாத உயிர்காப்பு உடுப்பை மாட்டி உட்கார்ந்ததுமே உதட்டில் உப்புக் கரிக்கும். பாறை நெருங்கியதும் எல்லோரும் படம் எடுக்க ஒரே பக்கம் சாய்வார்கள். தயவுசெய்து நீங்கள் சாயாதீர்கள்.

காலை எட்டு மணிக்கே வரிசையில் நின்றுவிடுவது நல்லது. விவேகானந்தர் பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கருங்கல்லில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும். அங்கிருந்து 133 அடி வள்ளுவர் சிலையைப் பார்க்க இப்போது நடந்தே போகலாம். 2024 டிசம்பர் 30-ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது. பாதிப் பேர் தூர நின்று கும்பிட்டுத் திரும்புவார்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்குவதும் சீறுவதும் அங்கே வழக்கம். படகை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் காலண்டரை ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.