தாயின் கிண்ணமும் பிள்ளையின் மௌனமும்

தந்தையின் குடி ஊரறிந்த துயரம். தாயின் குடியோ வீடு மட்டுமே அறிந்த இரகசியம். குடிகாரத் தந்தையின் பிள்ளைக்கு அயலவர் இரங்குவர். ஆசிரியர் ஆறுதல் கூறுவர். தாய் மதுவுக்கோ தூக்க மாத்திரைக்கோ அடிமையாகிவிட்டால், அந்தப் பிள்ளை எவரிடம் சென்று அதைச் சொல்லும்?

கல்முனைக் கரையோரத்தில் இக்கேள்வி மேலும் கனக்கிறது. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் ஆலயத்தில் தீமிதிப்போர் விரதமிருந்து தம்மைத் தூய்மைப்படுத்துகின்றனர். அயலிலுள்ள மருதமுனை முஸ்லிம் சகோதரருக்கு மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. கத்தோலிக்கரும் தவக்காலத்தில் மதுவைத் துறக்கின்றனர். மூன்று சமயத்தாரும் மதுவிலக்கைப் போற்றும் இம்மண்ணில் ஒரு பெண் போதைக்கு அடிமையாவதை நினைத்துப் பார்க்கவும் மனம் கூசுகிறது. எனினும், நீண்ட போரையும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையையும் கண்ட கரை இது. பறிகொடுத்தவற்றை ஓர் இரவேனும் மறக்க ஒரு தாய் எதையாவது நாடினால் அது வியப்புக்குரியதா?

அத்தகைய வீட்டில் வளரும் பிள்ளை சில பாடங்களை மிக விரைவில் கற்றுக்கொள்கிறது. பாடசாலை விட்டு வந்ததும் வாசலில் நின்று தாயின் குரலைக் கேட்டே அன்றைய நிலையை அறிந்துகொள்கிறது. தம்பி, தங்கையருக்குத் தானே உலை வைக்கிறது. கேட்போரிடம், ‘அம்மாவுக்குத் தலையிடி’ என்கிறது. யாவற்றிலும் கொடியது, தான் நல்ல பிள்ளையாக இருந்திருந்தால் அம்மா இப்படி ஆகியிருக்கமாட்டாள் என்று அது தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்வதுதான்.

இவ்விரகசியம் எளிய குடில்களில் மட்டும் வாழ்வதன்று. 1974 ஓகஸ்ட் முதல் 1977 ஜனவரி வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெரால்ட் போர்டின் துணைவியார் பெட்டி போர்ட், நான்கு பிள்ளைகளின் தாய். 1964 இல் கழுத்து நரம்பு வலிக்காக வைத்தியர்கள் கொடுத்த மாத்திரைகள் அவருக்குப் பழக்கமாயின. மதுவும் அதனோடு சேர்ந்துகொண்டது. அவருடைய தந்தையும் குடிநோயாளி. அவ்வுண்மையை அவர் அறிந்ததோ பதினாறாவது வயதில், தந்தை இறந்த பின்னர்தான். ஒரு தலைமுறை மூடி வைத்ததை அடுத்த தலைமுறை சுமந்தது.

இளைய மகள் சூசன் முதலில் ஒரு வைத்தியருடன் சென்று தாயிடம் பேசிப் பார்த்தார். தாய் சினந்து இருவரையும் வெளியே அனுப்பினார். அத்துடன் பிள்ளைகள் ஓய்ந்துவிடவில்லை. 1978 ஏப்ரல் முதலாம் திகதி கணவரும் பிள்ளைகளும் வைத்தியருடன் ஒன்றாக அமர்ந்து, தாங்கள் கண்டதையும் தங்களுக்கு வலித்ததையும் ஒவ்வொருவராக எடுத்துரைத்தனர். மகன் ஸ்டீவனுக்கு அப்போது வயது 21. தாய்க்காக இரவுணவு சமைத்து வைத்திருந்த ஒரு நாள், அவர் உணவு மேசைக்கு வராமல் தொலைக்காட்சியின் முன் கிண்ணத்தின் மேல் கிண்ணமாக அருந்திக்கொண்டிருந்ததையும், அது தன் நெஞ்சைப் புண்படுத்தியதையும் அவர் சொன்னார். அன்று எவரும் ஏசவில்லை. அன்பு செய்கிறோம், ஆகவே இதைச் சொல்கிறோம் என்பதே அங்கு பேசப்பட்டவற்றின் சாரம்.

அத்தாய் அழுதார், சினந்தார், பின்னர் இசைந்தார். அதே மாதம், தமது அறுபதாவது பிறந்தநாள் கழிந்த சில நாட்களில், லோங் பீச் கடற்படை வைத்தியசாலையில் சேர்ந்தார். தனி அறை வேண்டுமென்று முதலில் பிடிவாதம் பிடித்தவர், பிற பெண்களோடு ஒரே அறையில் தங்க உடன்பட்டார். மாத்திரைகளை மட்டும் ஒப்புக்கொண்டவர், சில நாட்களின் பின் மதுவையும் ஒப்புக்கொண்டார்; அதை உலகறியச் சொன்னார். 1982 இல் கலிபோர்னியாவில் அவர் பெயரால் ஒரு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 2011 இல் இறக்கும்வரை பல்லாயிரவருக்கு அவர் நம்பிக்கையாக விளங்கினார். பிற்காலத்தில் மகன் ஸ்டீவனும் குடிநோய்க்குள்ளாகி மீண்டார். அதைத் தாமே மேடைகளில் எடுத்துரைத்தார். தாயிடமிருந்து பிள்ளைக்கு நோய் மட்டும் வருவதில்லை. நோயை ஒப்புக்கொள்ளும் துணிவும் வரக்கூடும்.

திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. புனித மோனிக்காவைக் கண்ணீரின் தாயாக நாம் அறிவோம். அவர் சிறுமியாக இருந்தபோது திராட்சை மதுவுக்கு இரகசியமாகப் பழகியிருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. பெற்றோர் அவரைப் பீப்பாயிலிருந்து மது எடுத்துவர அனுப்புவர். முதலில் விளையாட்டாக உதட்டில் ஒரு துளி. நாளடைவில் அது நிறை கிண்ணமாயிற்று. உடன் சென்ற பணிப்பெண் ஒருநாள் வாக்குவாதத்தில் அவரைக் குடிகாரி என்று ஏளனம் செய்தாள். அச்சொல் தைத்தது. மோனிக்கா தம் நிலையைக் கண்டார். அன்றே அப்பழக்கத்தை விட்டார்.

இந்நிகழ்ச்சி நமக்கு எப்படித் தெரிய வந்தது? மோனிக்காவே தம் மகனிடம் சொன்னார். மகன் புனித அகுஸ்தினார், தாயின் மறைவுக்குச் சுமார் பத்தாண்டுகளின் பின், தமது ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில் அதை எழுதி வைத்தார். அதனால் மோனிக்காவின் புனிதம் குன்றவில்லை. ஆகஸ்ட் 27 இல் தாயையும் மறுநாள் மகனையும் திருச்சபை அடுத்தடுத்து நினைவுகூருகிறது. தன் பலவீனத்தை மகனிடம் மறைக்காத தாயும், தாயின் பலவீனத்தை வெறுப்பின்றிச் சொல்லத் தெரிந்த மகனும் இருவருமே புனிதர்.

தாய் தந்தையரை மதித்து நட என்னும் கட்டளை இதனால் மீறப்படாதா என்று சிலர் கேட்கலாம். தொடக்க நூலில் நோவா மதுமயக்கத்தில் ஆடையின்றிக் கிடந்த நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். காம் அதைக் கண்டு வெளியே சென்று சொன்னான். சேமும் யாப்பேத்தும் பின்புறமாக நடந்து சென்று தந்தையைப் போர்த்தினர். போர்வையை ஒருவன் தனியே சுமக்கவில்லை. இருவர் தோளிலும் அது இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. தாயின் மானத்தை ஏளனம் செய்வோரிடமிருந்து காப்பது பிள்ளையின் கடமை. தாயின் நோயை வைத்தியரிடமிருந்தும் மறைப்பது அவளைக் காப்பதாகாது. அது அவளை அவளுடைய கிண்ணத்தோடு தனியே விட்டுவிடுவதாகும்.

நோய் என்று சொல்வதால் பாவம் என்பது இல்லாமற் போகிறதா? பழக்கம், அச்சம் போன்றவை ஒரு செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும் எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. அடிமைப்பட்ட தாயிடம் அன்பு இல்லாமலில்லை; அவளது விருப்பாற்றல் கட்டுண்டு கிடக்கிறது. ஆயினும், உதவி நீட்டப்படும்போது கையை நீட்டும் பொறுப்பு அவளுக்கு எப்போதும் உண்டு. நாற்பது நாள் தவக்காலத்தில் மதுவை விட்டு, பாஸ்காவுக்கு மறுநாள் முன்னிலும் அதிகமாகக் குடிப்போரை நாம் கண்டிருக்கிறோம். மனவுறுதி மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அமெரிக்காவின் அக்ரன் நகரில் புனித தோமையார் வைத்தியசாலையில் பணியாற்றிய அருட்சகோதரி இக்னேசியா, 1939 முதல் குடிநோயாளரை நோயாளராகவே ஏற்றார். நலம்பெற்று வெளியேறுவோருக்கு இயேசுவின் திருஇருதய அடையாளம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க எண்ணினால் முதலில் அதைத் தம்மிடம் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. இது மந்திரமன்று. விழும் முன் ஒரு மனித முகத்தை எதிர்கொள்ளச் செய்யும் வழி. தனிமையில் வளரும் இந்நோய் உறவில் குணமாகத் தொடங்குகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இந்நிலையில் வளர்ந்து, இன்று பெரியவர்களாகிவிட்ட மக்களுக்கு ஒரு சொல். குடிநோய்க்கு ஆளாகும் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி மரபுவழி வருகிறது என இரட்டையர்களைப் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பிறருக்கு விருந்தாக முடிவது உங்களுக்கு வீழ்ச்சியாக முடியலாம். தொடாதிருப்பதே மேலான ஞானம். அதேவேளை, மரபு விதியன்று. நீங்கள் நோயை உண்டாக்கவில்லை; அதைக் கட்டுப்படுத்த உங்களால் இயலாது; குணப்படுத்துவதும் உங்கள் கையில் இல்லை. இதை ஏற்றுக்கொள்பவரே உண்மையில் உதவத் தொடங்குகிறார்.

செய்யத்தக்கவை சில உண்டு. தாய் மயக்கத்தில் இருக்கும்போது வாதிடாதீர்கள். தெளிந்திருக்கும் காலைப்பொழுதில் பேசுங்கள். தனியே பேசாமல், தந்தையோ பெரியம்மாவோ நம்பத்தக்க வேறொருவரோ உடனிருக்கப் பேசுங்கள். முதல்முறை விரட்டப்பட்டால் சூசனை நினைவுகொள்ளுங்கள். நெடுங்காலம் அருந்திய மதுவையோ உட்கொண்ட தூக்க மாத்திரையையோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரச வைத்தியசாலையின் மனநல வைத்தியரை நாடியே நிறுத்த வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற இலக்கத்திலும், தேசிய மனநல உதவிச் சேவையை 1926 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். ஆபத்திலுள்ள சிறுவருக்கு 1929 உண்டு.

பங்குச் சமூகத்துக்கும் ஒரு கடமை உண்டு. குடியை விட்டுவந்த ஆணுக்கு ஆலய முற்றத்தில் கைகொடுக்கும் நாம், அதே நிலையிலிருந்து மீண்டு வரும் பெண்ணைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா? கல்லெறிய நின்றவர்களிடையே ஆண்டவர் இயேசு குனிந்து மண்ணில் எழுதினார். எல்லோரும் கலைந்த பின்னரும் அப்பெண்ணோடு நின்றார். நாமும் அவ்வாறு நிற்போமாயின், இருண்ட வீடு ஒன்றின் கதவு உள்ளிருந்தே திறக்கும். வாசலில் நின்று தாயின் குரலுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் அச்சிறு பிள்ளையை இறைவன் இன்று நம் கண்ணுக்குக் காட்டுவாராக. ஆமென்.