ஓடையோரம் ஒரு சுற்று

பிரசவம் ஆகி மூன்று மாதமாகியும் என் தங்கைக்கு எதற்கெடுத்தாலும் அழுகை. நெதர்லாந்தில் அர்ன்ஹெம் நகரில் தனிக்குடித்தனம். உதவிக்குப் போன நான் டாக்டரிடம் காட்டினேன். சாயங்காலம் சோன்ஸ்பேக் பூங்காவுக்கும் அழைத்துப் போனேன்.

முன்பு பிரபுக்களின் எஸ்டேட். 1899-இல் நகராட்சி வாங்கிப் பொதுவாக்கியது. கட்டணமில்லை. ஓடையோரமாக, பழைய தண்ணீர் ஆலையைத் தாண்டி, அடுத்துள்ள ஸைபன்டால் மாளிகைவரை போய், மரநிழலில் வேறு வழியாகத் திரும்பலாம். தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிவிடும். நாளாக ஆக, தங்கை வாய்விட்டுப் பேச ஆரம்பித்தாள்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் காடுகளில் உண்ணி உண்டு. வீடு வந்ததும் குழந்தையின் முழங்கால் மடிப்பு, காதோரம் பாருங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு சிவப்பு வளையம் படர்ந்தால் டாக்டரிடம் போங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் மட்டும் போதாது சகோதரிகளே, காற்றும் பேச்சுத்துணையும் வேண்டும்.