ஓலை வாசிக்கும் பீடமும் பதிவாளர் மேசையும்

திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகை அடிப்பதற்கு முன்பே ஓலை வாசிப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிறு ஆராதனை முடியும் தறுவாயில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தகப்பன்மார் பெயர், ஊர், சபை எல்லாவற்றையும் சொல்லி, இதற்குத் தடை தெரிந்தவர்கள் தெரியப்படுத்துங்கள் என்று அறிவிப்பார்கள். மூன்று ஞாயிறு இப்படி வாசித்த பிறகுதான் பீடத்துக்கு முன்னால் கல்யாணம்.

2023 ஏப்ரலில் தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, ஆராதனை முடிந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "நாளைக்கு ரெண்டு ஆம்பளைங்க பேரை ஓலையில வாசின்னு சட்டம் வந்துட்டா, போதகர் ஐயா மாட்டேன்னு சொல்ல முடியுமா தம்பி?" அவர் யாரையும் திட்டவில்லை. மெய்யாகவே பயந்துபோய்க் கேட்டார். ஊர் ஊராக இந்தப் பயம் இருக்கிறது. அதனால் இதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுவது நல்லது.

முடியும். அதற்குப் புதிதாக ஒரு பாதுகாப்புச் சட்டம்கூட வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, யார் யார் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று சொல்கிறது. ஆயரிடம் குருப்பட்டம் பெற்றவர் செய்துவைப்பதென்றால், அவருடைய திருச்சபையின் விதி, சடங்கு, வழக்கப்படிதான் அது நடக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. காலை 6 மணிக்கு மேல் மாலை 7 மணிக்குள் முடிக்க வேண்டும் என்பது வரை அளந்து சொல்லும் சட்டம் அது. 60ஆவது பிரிவில் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று வயதும் இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் கையெழுத்து வாங்கும் பெரிய பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெயர், வயது, தொழில், குடியிருப்பு, தகப்பன் பெயர், அதற்கு முன் மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்று கட்டம் கட்டமாக இருக்கும். அதில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் போதகர் சபைக்கும் ஆள், அரசுக்கும் ஆள். அந்தப் பயம் முளைத்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்ப்பதால், அரசு மாறினால் பீடமும் மாறிவிடும் என்று தோன்றுகிறது.

ஆனால் இந்த இரண்டும் ஏற்கெனவே பிரிந்துதான் கிடக்கின்றன. நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிய கத்தோலிக்கர், சட்டப்படி மறுமணம் செய்துகொள்ளலாம். பங்குச்சாமியார் செய்துவைக்க மாட்டார். முதல் திருமணம் செல்லாது என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் சொல்லும்வரை அந்த மறுமணம் அவருக்குத் திருமணமே இல்லை. அப்படி மறுக்கிற சாமியாரை எந்தச் சட்டமும் பீடத்தின் முன் இழுத்து நிறுத்துவதில்லை. எதிர்ப்பக்கமும் உண்மை: திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்தாலும் அந்த அறிவிப்பு அரசுக்குச் செல்லுபடியாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மோலி ஜோசப் வழக்கில் சொன்னது, திருச்சபைத் தீர்ப்பையும் ஏற்க வேண்டும் என்று கிளாரன்ஸ் பாயிஸ் கேட்ட மனுவை 2017இல் தள்ளுபடி செய்தது. ஆக, சபை யாரைக் கணவன் மனைவி என்கிறது, சர்க்கார் யாரைச் சொல்கிறது என்பது நம் நாட்டில் ரொம்ப நாளாகவே இரண்டு கணக்கு.

2023இல் நீதிமன்றம் எடுத்துக்கொண்டதும் இரண்டாவது கணக்கைத்தான். சுப்ரியோ எதிர் இந்திய ஒன்றியம் வழக்கின் விசாரணை ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாள் நடந்தது. மதங்களின் தனிச் சட்டங்களுக்குள் போக மாட்டோம், 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டம் என்பது சாமியாரோ ஐயரோ காஜியோ இல்லாமல், 30 நாள் நோட்டீஸ் ஒட்டி, அரசு அலுவலர் முன்னால் நடக்கும் திருமணம். அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐவரும் ஒன்று. தன்பாலின இணையரின் உறவை அரசு அங்கீகரிக்க வேண்டும், அவர்கள் சேர்ந்து தத்தெடுக்கலாம் என்றவர்கள் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும். பட், கோலி, நரசிம்மா மூவரும் அதை ஏற்கவில்லை. மூவர் சொன்னதே தீர்ப்பானது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின. இன்றைய தேதியில் இந்தியாவில் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்தால் தவறு. 2018இல் 377ஆவது பிரிவு வழக்கில், ஒருபால் உறவைக் குற்றமாகவே வைத்திருங்கள் என்று வாதாடியவர்களில் அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டமைப்பும் ஒடிசாவின் உத்கல் கிறிஸ்தவ அமைப்பும் இருந்தன. ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2013 டிசம்பரில், அப்போதைய மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிராசியாஸ் வேறு மாதிரி சொன்னார்: இவர்களை நாங்கள் குற்றவாளிகளாக ஒருநாளும் கருதவில்லை, அதைக் குற்றமல்ல என்று ஆக்குவதை எதிர்க்கவும் இல்லை, திருமணம் என்று அதை ஏற்பதைத்தான் எதிர்க்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். 2023இல் கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபை எதிர்ப்புத் தெரிவித்தது. இந்திய தேசியக் கிறிஸ்தவ சபைகள் மன்றமோ பாலினப் பன்மை பற்றி உரையாடத் தனி மேடையே வைத்திருக்கிறது. வத்திக்கான் 2023 டிசம்பர் 18 அன்று வெளியிட்ட ஆவணம், இப்படி வாழ்பவர்கள் கேட்டால் குருவானவர் ஆசீர் கொடுக்கலாம், ஆனால் அது திருமணம் போலத் தோன்றக் கூடாது என்றது.

வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் உடை உடுத்தி வைத்தார். விருத்தாசலம் வட்டாரத்து ஜனம் ஜனவரித் திருவிழாவுக்கு இன்றும் அங்கே போய் நேர்த்திக்கடன் கழிக்கிறது. மரபு எங்கே இளகும், எங்கே இளகாது என்று சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் சட்டம் கொண்டுவந்த இங்கிலாந்தில் எந்த மத அமைப்பையும் குருவையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இங்கிலாந்துத் திருச்சபைக்கு அதற்கு மேலும் பூட்டுப் போட்டார்கள். கனடாவின் 2005 சட்டத்திலும் அதே உறுதி உண்டு. வழக்குகள் வந்தது வேறு இடங்களில். கேக் கடைக்காரர், மலர்க்கடைக்காரர், கல்யாண இணையதளம் வடிவமைப்பவர், பதிவு எழுத்தர். அமெரிக்காவில் கேக் வழக்கில் கடைக்காரர் 2018இல் வென்றார். அவர் நம்பிக்கையை மாநில ஆணையம் இழிவாகப் பேசியதே முக்கியக் காரணம். கென்டக்கி மாநிலத்தில் உரிமம் தர மறுத்த கவுண்டி எழுத்தர் 2015 செப்டம்பரில் ஐந்து நாள் சிறையில் இருந்தார். லண்டன் இஸ்லிங்டனில் மறுத்த பதிவாளர் 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தோற்றார்.

பீடம் தப்பித்தது, மேசைதான் வழக்குக்கு வந்தது. இந்தியாவில் நாளை சட்டம் மாறினாலும் உரசல் அங்கேதான் வரும்.

திட்டக்குடி சார்பதிவாளர் அலுவலகத்தில் விசுவாசமுள்ள கிறிஸ்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம். விவாகரத்தானவரின் மறுமணம், சாதி மாறிய கல்யாணம், மதம் மாறிய கல்யாணம் எல்லாம் அவர் மேசைக்கு வருகின்றன. அவருடைய சபை ஏற்காத கல்யாணத்துக்கும் முத்திரை வைத்துத்தான் ஆக வேண்டும். அந்த முத்திரை ஆசீர்வாதம் ஆகாது. அரசு அலுவலர் மனச்சாட்சியைச் சொல்லி மறுக்கலாம் என்று தொடங்கினால், அது முதலில் திருப்பி அடிப்பது நம்மைத்தான். நம் சபைக் கல்யாணத்தைப் பதிய மனமில்லாத ஓர் அலுவலர் எங்காவது இருக்க மாட்டாரா?

நிறுவனங்கள் விஷயம் இவ்வளவு எளிதல்ல. 2015இல் தத்தெடுப்பு விதிகள் மாறி, தனி ஆட்களும் விவாகரத்தானவர்களும் தத்தெடுக்க வழி அகலமானபோது, அன்னை தெரசாவின் அன்பின் பணியாளர் சபை தத்துக் கொடுக்கும் வேலையையே விட்டுவிட்டது. ஆண்டுக்கணக்கில் குழந்தைகளைத் தூக்கி வளர்த்த சகோதரிகள் அவர்கள். அரசு குழந்தையின் நலனைப் பார்த்தது. சகோதரிகள் குடும்பம் என்றால் என்ன என்ற தங்கள் நம்பிக்கையைப் பார்த்தார்கள். அந்த விலகல் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியிருந்தால் நம்பிக்கையும் காயப்படாமல், குழந்தைகளும் இடம் மாறாமல் ஒரு வழி கிடைத்திருக்கலாம். நாளை தன்பாலின இணையருக்குத் தத்துரிமை வந்தால் முதலில் தட்டப்படும் கதவு இதுதான். சபைத் தலைவர்கள் ஓலை வாசிப்பைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தை இதற்குச் செலவிட வேண்டும்.

இன்னொன்று, 'ஜெபித்துச் சரிசெய்வது'. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட பிறகு, வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் உத்தரவிட்டார். அவர் உத்தரவின் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று அறிவித்தது. அது மருத்துவர்களுக்கான விதி. ஒருவருக்காக முழங்கால் போடுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பிள்ளையை அறையில் பூட்டி, சாப்பாடு கொடுக்காமல், பேய் ஓட்டுகிறோம் என்று அடித்தால் அது ஜெபமும் அல்ல, மத உரிமையும் அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது.

அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மனச்சாட்சி உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் இவற்றுக்கு உட்பட்டுத் தருகிறது. 26ஆவது பிரிவு சபைக்குத் தன் மதக் காரியங்களை நடத்தும் உரிமையைத் தருகிறது. இதன் பலம் தெரிய 1986 ஆகஸ்ட் 11 தீர்ப்பைப் பார்க்கலாம். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்து மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி நீக்கியது. உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிறுபான்மையின் மனச்சாட்சியையும் காக்கிற அந்த ஏற்பாட்டின் மேல்தான் போதகரின் மறுப்புரிமை நிற்கிறது. ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள் கேட்கும் உரிமையும் அரசியலமைப்பின் அதே அடிப்படை உரிமைகள் பாகத்திலிருந்துதான் வருகிறது. ஒன்றை அறுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்ற முடியாது.

மத உரிமை உண்மையில் எங்கே இறுக்குகிறது என்று கேட்டால், இந்த ஊரிலேயே காட்டலாம். திட்டக்குடி சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திப்படி, இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். ஆகவே இங்கே தலைமுறையாக ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒருவர், கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டால் சொந்தத் தொகுதியில் வேட்புமனுப் போட முடியாது. ஓலையில் வராத பெயருக்காகப் பயப்படும் நாம், இதற்காக எத்தனை ஞாயிறு ஜெபித்தோம்?

அப்புறம், இந்த விவாதத்தில் 'அவர்கள்' என்று பேசுகிறோமே, அவர்களில் பலர் ஞாயிறுதோறும் நம் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர்கள். பாடகர் குழுவில் இருப்பார்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துவார்கள். 2019 ஏப்ரல் 22 அன்று மதுரை அமர்வு, தூத்துக்குடிக் கோயிலில் மணந்த ஆணும் திருநங்கையும் தம்பதியே என்று இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யச் சொன்னது. ஆணும் திருநங்கையும், பெண்ணும் திருநம்பியும் இருக்கிற சட்டங்களின் கீழேயே மணக்கலாம் என்பதை 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஒருமனதாக ஏற்றது. இது கிறிஸ்தவ வீட்டுக்கும் வரும் கேள்வி. 2025 மே மாதம் வேலூர் மாவட்டப் பெண் ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றே குடும்பம் ஆவதற்கான வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது.

திருமணம் என்ற பெயரில்லாமலே சில காரியங்கள் நடக்கத் தொடங்கிவிட்டன. 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் ஒன்றிய அரசு சொன்னவை: தன்பாலின இணையரை ஒரே ரேஷன் அட்டையில் ஒரு குடும்பமாகச் சேர்க்கலாம்; வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கி ஒருவரை ஒருவர் நாமினியாக நியமிக்கலாம்; ஒருவர் இறந்து நெருங்கிய உறவினர் வராவிட்டால் துணைவர் உடலைக் கேட்டுப் பெறலாம்.

உடலை ஆஸ்பத்திரி கொடுத்துவிடும். சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட எழுதிக் கொடுப்பது போதகர் ஐயா. அடக்க ஆராதனையில் முதல் பிடி மண்ணைப் போட யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிப்பதும் அவர்தான். எந்தச் சட்டமும் அதில் அவரைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. வாசலில் என்னிடம் கேட்ட பெரியவரிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அது வேற கேள்வி தம்பி" என்றார்.