புறப்பட்டதும் நின்றுவிடும் லோரி

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் ரப்பர்ப் பால் ஏற்றிய டீசல் லோரி, உயிர்பெற்ற சில நொடிகளில் நின்றுவிடுமாயின், பால் உறைந்துவிடுமே என்ற கவலை எழுவது இயல்பே. ஆயினும் பேட்டரியைக் குறை கூறுதல் பொருந்தாது; இயந்திரம் ஒருமுறை இயங்கிவிட்டதன்றோ? பம்பில் எஞ்சியிருந்த டீசல் தீர்ந்தது, புதியது வந்து சேரவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

முதலில் தொட்டி மூடியைத் தளர்த்திப் பார்ப்போம். பின்னர் நிற்காது ஓடினால், மூடியின் காற்றுத் துளையே அடைபட்டுள்ளது. இல்லையேல், வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து நீர் உள்ளதா என நோக்குவோம். பேராக்கின் ஈரக் காற்றில், பாதி நிரம்பிய தொட்டிக்குள் இரவில் நீர் படிதல் உண்டு. எனவே மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தல் நலம்.

குழாயில் காற்றுப் புகுந்திருப்பின், வடிகட்டியின் மேல் திருகைத் தளர்த்திக் குமிழியின்றி டீசல் வழியும்வரை கைப்பம்பை அழுத்தி, திருகை இறுக்குதல் வேண்டும். மறுநாளும் அவ்வாறே நேருமாயின், ஏதோவோர் இணைப்பு கசிகின்றது. புதுவகை லோரிகளின் உயர் அழுத்தக் குழாய்களை மட்டும் தொடாது பட்டறையில் ஒப்படைப்போமாக. அவற்றினின்று பீறிடும் டீசல் தோலைத் துளைக்க வல்லது.