ஓல்ட் லாங் சைன் (மெட்டு)

ஓல்ட் லாங் சைன் என்பது புத்தாண்டு நள்ளிரவில் பல நாடுகளில் பாடப்படும் ஸ்காட்லாந்துப் பாடல் ஆகும். இதன் சொற்களை எழுதித் தந்தவர் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் (1759–1796). ஆனால் இன்று ஒலிக்கும் மெட்டுடன் இப்பாடல் அச்சேறியதை அவர் பார்க்கவில்லை.

பழைய மெட்டு

1700-இல் ஹென்றி பிளேஃபோர்டு என்பவர் லண்டனில் வயலினுக்கான ஸ்காட்லாந்து மெட்டுகளின் தொகுப்பை வெளியிட்டார். ஏறத்தாழ இதே பெயருடைய மெட்டு ஒன்று அதில் உள்ளது. அது இன்றைய மெட்டு அன்று, வேறொன்று. பர்ன்ஸின் பாடல் 1796-இல் ஜேம்ஸ் ஜான்சனின் 'ஸ்காட்ஸ் மியூசிக்கல் மியூசியம்' ஐந்தாம் தொகுதியில் வந்தபோது, இப்பழைய மெட்டின் வழிவந்த இசையே அதனுடன் அச்சிடப்பட்டது. 1793-இல் ஜார்ஜ் தாம்சன் என்னும் பதிப்பாளருக்குப் பாடலை அனுப்பிய பர்ன்ஸ், பழைய மெட்டு சுமாரானதே என்று குறிப்பிட்டிருந்தார்.

இன்றைய மெட்டு

1799-இல் தாம்சன் தம் தொகுப்பில் இப்பாடலை வேறொரு மெட்டுடன் வெளியிட்டார். அதுவே உலகெங்கும் நிலைத்தது. அப்போது பர்ன்ஸ் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அந்த மெட்டு அவருக்குப் புதியதன்று. அதே மெட்டில் அமைந்த அவரது வேறொரு பாடல் 1792-இல் ஜான்சனின் நான்காம் தொகுதியில் வந்திருந்தது.

இயற்றியவர் யார்?

வில்லியம் ஷீல்டின் 'ரோசினா' என்னும் இசை நாடகம் 1782-இல் லண்டனில் அரங்கேறியது. அதன் தொடக்க இசையின் முடிவில் இம்மெட்டை ஒத்த பகுதி வருவதால், ஷீல்டே இதை இயற்றினார் எனச் சிலர் கருதினர். ஆனால் எடின்பரோவில் ராபர்ட் பிரெம்னர் 1750களின் பிற்பகுதியிலிருந்து பகுதி பகுதியாக வெளியிட்ட நடன இசைத் தொகுப்பில், 'மில்லரின் திருமணம்' என்ற பெயரில் இதற்கு நெருங்கிய மெட்டு இடம்பெற்றுள்ளது. எனவே ஷீல்டு இயற்றினார் என்ற கருத்து நிற்காது. அச்சேறிய ஆண்டு மெட்டு பிறந்த ஆண்டும் அன்று. வயலின் கலைஞர்கள் செவிவழியாக வாசித்து வந்தவற்றையே பதிப்பாளர்கள் பெரும்பாலும் அச்சிட்டனர்.

இசையமைப்பு

இது 'ஸ்ட்ராத்ஸ்பே' என்னும் நடன வகையைச் சேர்ந்தது. குறுகிய சுரத்தை அடுத்து நீண்ட சுரம் வெட்டி ஒலிப்பது அவ்வகையின் அடையாளம். புத்தாண்டில் மெதுவாகப் பாடும்போது இத்துள்ளல் மறைந்துவிடுகிறது. மெட்டில் ஐந்து சுரங்களே உள்ளன. அவை மோகன இராகத்தின் ச ரி க ப த சுரங்களுடன் பொருந்துபவை. தமிழ்ச் செவிக்கு இம்மெட்டு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.