பகடைக் கடவுள்கள் – 9: சாமிக்கு எத்தனை உயிர்?

செலூனேயும் ஷாரும் இரட்டைப் பிறவித் தேவியர். ஒருத்தி ஒளி, ஒருத்தி இருள். புதிதாய்ப் பிறந்த பூமிக்குச் சூடு தேவையா என்பதில் மூண்ட சண்டை இன்னும் தீரவில்லை. இவ்வளவுதான் போன வாரம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை ஆட்டத்தில் வரும் டோரில் உலகின் ஆதிக்குடிகளான ஐந்து படைப்பினங்களை இந்த வாரம் அறிமுகப்படுத்துவதாகச் சொல்லியிருந்தேன். ஆரம்பிக்கவும் செய்தேன். அதற்குள் மும்பை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் ஒரு புத்தகம் மாட்டியது.

வி.ஜே.டி.ஐ., ரூயா, கால்சா கல்லூரிப் பிள்ளைகள் தலைமுழுகிவிட்டுப் போன பாடப் புத்தகங்கள் அங்கே ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். இயந்திரவியல் வழிகாட்டி இரண்டுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தது 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்'. 1980ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக ஜேம்ஸ் வார்டும் ராபர்ட் குன்ட்ஸும் தொகுத்த தெய்வப் பட்டியல். கடைக்காரருக்கு விலை சொல்லத் தெரியவில்லை. "பாடப் புஸ்தகமா, கதைப் புஸ்தகமா?" என்று இந்தியில் கேட்டார். சாமி புஸ்தகம் என்றேன். சட்டென்று கதைப் புத்தக விலையிலும் பாதியாக இறக்கிவிட்டார். சாமி புத்தகம் இந்தப் பேட்டையில் அவ்வளவாகப் போணியாவதில்லையோ என்னவோ. அதற்கென்றே பெரிய கடைகள் ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கின்றன.

நூலின் அழகு என்னவென்றால், அதில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் உயிர்க்கணக்கு போட்டிருக்கிறார்கள். விளையாடுகிறவர்கள் ஹிட் பாயின்ட் என்பார்கள்: அடிபட அடிபடக் குறையும், பூஜ்யத்தைத் தொட்டால் ஆள் காலி. கிரேக்கத்தின் சியூஸுக்கு 400. வடதேசத்து ஓடினுக்கு 400. எகிப்தின் ராவுக்கும் 400. பாகுபாடே இல்லை. பாரத தேசத்துக்கும் தனி அத்தியாயம் உண்டு. இந்திரன், அக்னி, வருணன், எமன், காளி, லட்சுமி வரிசையில் கார்த்திகேயனும் இருக்கிறார். ஆம், நம்ம முருகன். அவருக்கு எத்தனை என்று எழுத மாட்டேன்; சஷ்டி விரதம் இருக்கிறவர்களும் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள்.

இந்தக் கணக்கு தொடங்கிய கதை அதைவிட வேடிக்கை. ஆட்டம் 1974ல் வந்தது. இரண்டே வருஷத்தில் ஆட்டக்காரர்கள் நாற்பதாம் நிலை, ஐம்பதாம் நிலை என்று எகிறிவிட்டார்கள். இவர்களுக்குக் கொஞ்சம் அடக்கம் வரட்டும் என்று 1976ல் அதே வார்டும் குன்ட்ஸும் எழுதிய சிறு நூல் ஒன்று வெளியானது. அதன் முன்னுரையில் பதிப்பாசிரியர் டிம் காஸ்க் வைத்த வாதம்: ஓடினுக்கே 300 புள்ளிதான், இந்த லட்சணத்தில் நாற்பத்து நாலாம் நிலைப் பிரபுவை எவன் மதிப்பான்? பாவம், நல்ல எண்ணம்தான். ஆனால் எண் என்று ஒன்று இருந்தால் அதிலிருந்து கழிக்கத் தோன்றுமா, தோன்றாதா? பணிவு கற்பிக்க வந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினை வேட்டையாடக் கிளம்பியவர்கள் உண்டு. நாலு வருஷத்தில் ஓடினுக்கு நூறு புள்ளி கூடியது இதனால்தானா என்று கேட்டால் சிரிப்பைத் தவிர என்னிடம் பதிலில்லை.

கனடாவில் நூலக வேலை பார்த்த எட் கிரீன்வுட் இதே தெய்வப் பட்டியலை வேறு மாதிரிப் படித்தார். சிறுவயதிலிருந்தே மனதுக்குள் கட்டி வந்த டோரிலுக்குச் சாமிகள் தேவைப்பட்டன. பிடித்தவர்களைப் பொறுக்கிக்கொண்டார். 1981 அக்டோபர் 'டிராகன்' இதழில் அதைப் பகிரங்கமாக எழுதியும் வைத்தார். டைர் வடதேசத்தவர், மியலிக்கி பின்லாந்துக்காரி, ஓக்மா அயர்லாந்து, சில்வானஸ் ரோமாபுரிக் காட்டுத்தேவன். 2023ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி ஆட்டம் விளையாடுகிற பிள்ளைகள் தோப்புக்குள் பார்க்கும் சிலை அந்தச் சில்வானஸுடையதுதான். குடியேறிய சாமிக்கு ஊர்க்கதையும் புதிதாக வேண்டுமே. டைருக்கு ஒரு கை கிடையாது. பழைய கதையில் ஃபென்ரிர் என்ற ஓநாய் கடித்தது. டோரிலில் அந்த ஓநாய் இல்லை. அதனால் கெசெஃப் என்றொரு நாயை உண்டாக்கிக் கடிக்க வைத்தார்கள். கை போனது போனதுதான்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஆவோ. கோயில் கிடையாது, வேண்டுதல் கேட்பதும் கிடையாது. 1989ல் நாவல்களாக வந்த 'இடர்க்கால'க் கதையில் ஆவோவின் விதிப்பலகைகள் திருடு போகின்றன. கோபத்தில் ஆவோ தேவர்களையெல்லாம் மனிதர்களாக்கிக் கீழே தள்ளுகிறார். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு சட்டம்: இனி எந்தத் தேவனின் பலமும் அவனைக் கும்பிடுகிறவர்களின் எண்ணிக்கையையும் உருக்கத்தையும் பொறுத்தது. பக்தர் குறைந்தால் சாமி தேயும். உயிர்ப்புள்ளி தெய்வத்தின் உடம்பிலிருந்து ஜனங்களிடம் இடம் மாறியது. இந்தத் தொடரில் இதுவரை பார்த்ததில் என் தூக்கத்தைக் கெடுத்த சட்டம் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். கிங்ஸ் சர்க்கிளில் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் 1955 முதல் விநாயகர் வைக்கிறது. களிமண் மூர்த்தி, மேலே கிலோக்கணக்கில் தங்கம், ஐந்து நாள் உற்சவம், பிறகு கரைத்துவிடுவார்கள். 2024ல் அந்த ஐந்து நாளுக்கு எடுத்த காப்பீடு 400.58 கோடி ரூபாய். அதே நானூறு! பின்னம் நம்ம ஊர் உபயம். காபி குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமாவிடம் அந்தக் கணக்கைக் காட்டினேன்.

"சாமிக்கே இன்ஷூரன்ஸா? லோகத்தைக் காக்கறவரை யாருடா காப்பாத்தறது?"

"உள்ளே பிரிச்சுப் பாருங்கோ மாமா."

பிரித்தால்தான் விஷயம். தங்கம், வெள்ளி, நகைகளுக்கு 43.15 கோடி. பொது ஜனங்களுக்கு ஏதாவது ஆனால் கொடுக்க 30 கோடி. தீ, பூகம்பத்துக்கு 2 கோடி. இடத்துக்கு 43 லட்சம். மிச்சம் 325 கோடி யாருக்கு? தொண்டர்கள், அர்ச்சகர்கள், சமையல்காரர்கள், செருப்புப் பார்க்கிறவர்கள், வண்டி நிறுத்துகிறவர்கள், காவலாளிகள். கணபதியின் நானூறில் ஐந்தில் நாலு பங்கு அவரைச் சுற்றி வேலை செய்கிறவர்களின் உயிர். ஆவோ எழுதியிருக்க வேண்டிய பாலிசி!

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செருப்புப் பார்க்கறவனுக்கும் சேர்த்தா? பேஷ்" என்றார்.

ஓடினுக்கு எண் போட்டவர்கள் தெய்வத்தின் உடம்பை அளந்தார்கள், அதனால் கொல்லக்கூடிய ஒரு ராட்சசன்தான் கிடைத்தான். கிரீன்வுட்டின் உலகமும் கிங்ஸ் சர்க்கிள் பாலிசியும் சுற்றி நிற்கிறவர்களை அளக்கின்றன. தெய்வம் என்ற ஏற்பாட்டை எனக்குப் புரிய வைத்தது இந்த இரண்டாவது கணக்குதான்.

ஐந்து படைப்பினங்களில் நாலு பெயரையாவது எழுதிவிட்டு முடிக்கிறேன்: பாம்பும் பல்லியும் கலந்த சர்ருக், தவளை வம்சத்து பத்ராச்சி, சிறகு முளைத்த ஏயரி, வனத்து ஃபே. ஐந்தாவதாக, எல்லோருக்கும் கடைசியில் தலையெடுத்தவர்கள் மனிதர்கள். சர்ருக் நாகர்களைப் படைத்தது. மனிதர்கள் எதைப் படைத்ததால் இந்தப் பட்டியலில் ஏறினார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆவோவின் சட்டத்தை இன்னொரு தரம் படித்தால் உங்களுக்கும் கிடைக்கும். அடுத்த வாரம் சர்ருக்கும் நாகர்களும்.