குழந்தைக்கு முதல் குரோஷாப் புத்தகம்

வீட்டில் பாட்டியோ அத்தையோ குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்தவராக இருந்தால் குழந்தைக்குப் புத்தகம் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொள்ளும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில் ஆசானின் இடத்தைப் புத்தகந்தான் ஏற்க வேண்டும். தங்கைக்கோ, அண்ணன் மகனுக்கோ, விடுமுறையில் நாம் பாடம் சொல்லித்தரும் தாராவிச் சிறுவர் சிறுமியர்க்கோ அத்தகைய புத்தகம் தேடும் நண்பர்களுக்காக இக்கட்டுரை.

குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல், கருவி அவ்வளவே. இரண்டு ஊசிகளால் கம்பளிச் சட்டை பின்னும்போது பல கண்ணிகள் ஒரே சமயத்தில் ஊசியில் நிற்கும். ஒன்று நழுவினால் வரிசை வரிசையாகப் பிரியக்கூடும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். தவறினால் நூலை இழுத்துப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிறு கைகளுக்கு இது ஏற்றதாயிருப்பதற்குக் காரணம் இதுவே. ஆண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 1997-இல் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்னும் கணித ஆசிரியை, ஹைபர்பாலிக் தளம் என்னும் வளைபரப்பைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய உருவமாகக் குரோஷாவில்தான் பின்னிக் காட்டினார்.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் மும்பை மாணவர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவை. பழைய புத்தகக் குவியலில் பிரிட்டிஷ் நூலும் அமெரிக்க நூலும் கலந்தே கிடக்கும். பாடநூலாயின் இதனால் கேடில்லை. குரோஷா நூலாயின் கேடு உண்டு. ஒரே பெயரை இரு நாட்டாரும் இரு வேறு பின்னல்களுக்கு வைத்திருக்கிறார்கள். பிரிட்டிஷார் ‘டபிள் குரோஷே’ என்பது குட்டையான அடிப்படைப் பின்னல். அதனையே அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பர். அமெரிக்கரின் ‘டபிள் குரோஷே’, பிரிட்டிஷாருக்கு ‘டிரெபிள்’; அது உயரத்தில் இருமடங்குக்கும் மேல். ஒரு நூலில் பின்னலைக் கற்று மற்றொரு நூலின் மாதிரியைப் பின்பற்றும் குழந்தை, சொன்னபடியே செய்தும் படத்தில் உள்ளதைப் பெறாது. “எனக்குக் கை வரவில்லை” என்று ஊசியைக் கீழே வைத்துவிடும். குற்றம் கையில் இல்லை, சொல்லில் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லையென்றால், அக்குழந்தை மீண்டும் ஊசியைத் தொடாமலே போகலாம்.

ஊசி எண்ணிலும் இதே குழப்பம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். ஆகவே மில்லிமீட்டரில் அளவு தரும் புத்தகமே மேலானது.

எந்த நாட்டு நூல் என்று கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம். பின்னலின் இறுக்கத்தை ‘டென்ஷன்’ என்றும், ஒரு கண்ணியை விட்டுச் செல்வதை ‘மிஸ்’ என்றும் எழுதியிருந்தால் பிரிட்டிஷ் நூல். ‘கேஜ்’, ‘ஸ்கிப்’ என்றிருந்தால் அமெரிக்க நூல். எதையும் வாங்கலாம், ஆனால் தொடக்கத்தில் ஒரே முறையில் நிற்க வேண்டும்.

அடுத்துப் படங்களைப் பாருங்கள். ஒரு பின்னலுக்கு முடிந்த நிலையின் படம் மட்டும் இருந்தால் போதாது. ஊசி எங்கே நுழைகிறது, நூல் எப்படிச் சுற்றுகிறது, எந்தக் கண்ணி வழியே வெளிவருகிறது என ஒவ்வொரு படிக்கும் தனிப்படம் வேண்டும். வரிசையின் முதற் கண்ணியும் கடைசிக் கண்ணியும் எவை என்பதை அந்நூல் காட்டுகிறதா என்று தேடுங்கள். தொடங்குவோர் கடைசிக் கண்ணியை விட்டுவிடுவதால்தான் சதுரம் மெல்ல முக்கோணமாகிறது. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இத்தனை கண்ணிகள் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கை தரும் நூல், குழந்தை தானே தன் பிழையைக் கண்டுகொள்ள உதவும்.

ஆங்கிலம் சரளமாக வராத குழந்தைக்கு? தமிழ் வழியிலோ மராத்தி வழியிலோ படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்களுக்குக் குறியீட்டு வரைபடமுள்ள நூல் நல்லது. ஜப்பானிய நூல்களில் இம்முறை மிகுதி. சங்கிலிக்கு முட்டை வடிவம், குட்டைப் பின்னலுக்குப் பெருக்கல் குறி, நெட்டைப் பின்னலுக்குக் குறுக்குக்கோடிட்ட ஆங்கில ‘டி’ எழுத்து. மொழி தெரியாமலே படம் பார்த்துப் பின்னலாம்.

கடைசியாக, முதல் மாதிரி என்ன என்று பாருங்கள். மேசை விரிப்பில் தொடங்கும் நூலைத் திருப்பி வைத்துவிடுங்கள். புத்தக அடையாள நாடா, கைப்பட்டை, சிறு சதுரம் போன்று ஓரிரு நாளில் முடியும் பொருள் வேண்டும். 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ்’ குழுவினர் சென்னையில் விரித்துக் கின்னஸ் சாதனை படைத்த 11,148.5 சதுர மீட்டர்ப் போர்வையும் தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்ததுதான். சிறு சதுரம் இழிவன்று!

புத்தகத்தோடு 5 மில்லிமீட்டர் ஊசியும், வெளிர் நிறத்தில் பருமனான கம்பளி நூலும் வாங்கிக் கொடுங்கள். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது; மெல்லிய லேஸ் நூலும் எஃகு ஊசியும் பிறகு வரட்டும். குழந்தை இடக்கைப் பழக்கமுடையதாயின் இடக்கைப் படங்கள் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில், வலக்கையால் பின்னுபவர் எதிரே உட்கார வேண்டும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் குழந்தை கற்றுக்கொள்ளும்.

நண்பர்களே, ஒரு வேண்டுகோள். புத்தகத்தைக் கொடுக்குமுன் முதல் மாதிரியை நீங்களே பின்னிப் பாருங்கள். உங்களுக்கு எந்த வரி புரியவில்லையோ, அந்த வரியில்தான் குழந்தையும் நிற்கும். அதனருகே இரண்டு சொல் தமிழில் பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.